சுயம்புவாக வாழ்வது எப்படி?

கல்யாணப் பந்தியிலோ, ரிட்டயர் ஆனவர்கள் கூடும் பூங்கா பெஞ்சிலோ, அண்ணன் தம்பி பாகப்பிரிவினையிலோ இந்த வசனத்தை எல்லோரும் கேட்டிருப்போம்: “நான் யார் தயவுலயும் முன்னுக்கு வரல சார். எல்லாம் சொந்தக் கால்.” சொல்பவர் மார்பைத் தட்டிக்கொள்வார். கேட்பவர் தலையாட்டுவார். அந்தக் காலில் இருக்கும் செருப்பை யார் தைத்தது என்று கேட்கும் துஷ்டர்கள் பந்தியில் இருப்பதில்லை. இருந்தாலும் பாயசம் வரும் நேரத்தில் வாயைத் திறக்கமாட்டார்கள்.

இப்படி வாழ ஆசைப்படுகிறவர்களுக்கு ஒரு கையேடு இல்லாதது பெரிய குறை. நன்றியோடு இருக்கச் சொல்லித்தரும் நூல்கள் ஏராளமாக இருக்கின்றன. வள்ளுவர் அதற்கென்று 11ஆம் அதிகாரத்தையே ஒதுக்கிவிட்டார். எதிர்க்கட்சிக்கும் ஒரு கொள்கை விளக்க ஏடு வேண்டாமா? கோயில்களில் சுயம்பு லிங்கம் என்று சொல்வார்கள். உளி படாதது, தானாகத் தோன்றியது. நம் லட்சியம் அதுதான். (அந்தச் சுயம்புவுக்கும் தினமும் அபிஷேகப் பாலை யாரோ கொண்டுவர வேண்டியிருக்கிறது. அதை இப்போது கிளற வேண்டாம்.)

முதல் பாடம், சீக்கிரம் எழுந்திருக்காதீர்கள். விடியற்காலையில் எழுந்தால் உடம்புக்கு நல்லது என்று பெரியவர்கள் சொல்வார்கள்; காதில் வாங்காதீர்கள். சுயம்புகளுக்கு மிக ஆபத்தான நேரம் காலை 3 மணியிலிருந்து 6 மணிவரை. அந்த நேரத்தில் வெளியே வந்தால் ஆட்கள் கண்ணில் படுவார்கள். மூடிய கடையின் ஷட்டருக்கு முன்னால் பால் டப்புகளை இறக்குகிறவர், பஸ் ஸ்டாண்டு ஓரம் சம்மணமிட்டு உட்கார்ந்து நாளிதழுக்குள் இணைப்பைச் செருகும் பையன்கள், விளக்குமாறோடு தெருவிளக்கின் கீழே குனிந்து நிற்கும் பெண், கோயம்பேட்டிலிருந்து கீரைக்கட்டு மூட்டையோடு வரும் அம்மாள். ஆறரைக்கு எழுந்து பாருங்கள், இந்தத் தொல்லை எதுவும் இல்லை. பால் கதவில் தொங்கும் பையில் இருக்கும். பேப்பர் வாசலில் கிடக்கும். தெரு சுத்தமாக இருக்கும். எல்லாம் இரவோடு இரவாகத் தாமாக முளைத்தவை என்று நம்புவதில் சிரமமே இருக்காது.

பால் பாக்கெட்டில் நிறத்தை மட்டும் பாருங்கள். நீலமா, பச்சையா, ஆரஞ்சா. அதற்கு மேல் யோசனையை ஓடவிட்டால் அது மாதவரம் பால்பண்ணையைத் தாண்டி, ஏதோ ஒரு கிராமத்துப் பால் சொசைட்டி வாசலில் தூக்குவாளியோடு வரிசையில் நிற்கும் பெண்ணிடம் போய் நின்றுவிடும். அங்கேயும் நிற்காமல் குஜராத்துக்கே போனாலும் போகும். ஆனந்த் என்ற ஊருக்கு 1949இல் அரசாங்க உத்தரவுக்குக் கட்டுப்பட்டு வேண்டாவெறுப்பாகப் போய்ச் சேர்ந்தவர் வர்கீஸ் குரியன். கோழிக்கோட்டில் பிறந்து, சென்னை லயோலாவிலும் கிண்டிப் பொறியியல் கல்லூரியிலும் படித்தவர். 1970இல் தொடங்கிய வெண்மைப் புரட்சி அவர் பொறுப்பில் நடந்தது. இத்தனைக்கும் மனிதருக்குப் பால் பிடிக்காது, குடிக்கவும் மாட்டார். அவரையாவது சமாளிக்கலாம், பெரிய பேர் எடுத்தவர், நம் நன்றி இல்லாமலும் அவருக்குக் குறை இல்லை. சிக்கல் அவரோடு வேலை பார்த்த எச்.எம். தலாயாவிடம். எருமைப்பாலைப் பவுடராக்கவே முடியாது என்று வெளிநாட்டு நிபுணர்கள் கைவிரித்தபோது, முடியும் என்று செய்து காட்டியவர் அவர். பால் பெருகும் மாதங்களில் மிஞ்சுவதைப் பவுடராக்கி வைத்தால்தான் கோடையில் வறண்ட மடிகளுக்கு ஈடு கட்ட முடியும். மே மாதத்திலும் நமக்குக் காபி கிடைப்பதன் பின்னால் அந்த மனிதர் இருக்கிறார். டம்ளரைக் கையில் எடுக்கும்போது நம்மில் யாராவது தலாயா என்று சொல்கிறோமா? கிடையாது. பார்த்தீர்களா, பயிற்சி தொடங்கும் முன்பே பாதிக் கிணறு தாண்டிவிட்டோம்.

அடுத்தது மூக்கு. இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் நன்றியுணர்ச்சி பெரும்பாலும் கண் வழியாக வரும் என்று நினைத்து எல்லோரும் கண்ணை மூடிக்கொள்கிறார்கள். மூக்கைத் திறந்தே வைத்துவிடுகிறார்கள்.

சமையல் எரிவாயுவுக்குச் சொந்தமாக நாற்றம் ஏதும் கிடையாது. அப்படியே விட்டால் அது பாட்டுக்குக் கசிந்து சமையலறை முழுக்க நிரம்பும். நாமும் நம் பாட்டுக்குத் தீக்குச்சியை உரசுவோம். 1937 மார்ச் 18 அன்று அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்தில் நியூ லண்டன் என்ற ஊரின் பள்ளிக்கூடத்தில் இதுதான் நடந்தது. கட்டடத்தின் அடியில் இயற்கை எரிவாயு சேர்ந்துகொண்டிருந்தது. யார் மூக்குக்கும் எட்டவில்லை. ஒரு தீப்பொறி போதுமானதாக இருந்தது. இறந்தவர்கள் ஏறக்குறைய 300 பேர், பெரும்பாலும் குழந்தைகள். அதன் பிறகுதான் எரிவாயுவில் நாற்றம் கலந்தே தீர வேண்டும் என்று அங்கே சட்டம் வந்தது. பிறகு உலகம் முழுக்க அதுவே வழக்கமானது. நம் வீட்டு சிலிண்டரில் இருப்பது எத்தில் மெர்காப்டன் என்ற பொருள். எவ்வளவு சின்ன அளவில் கலந்தாலும் போதும், அழுகிய முட்டைக்கோஸ் போலக் குப்பென்று அடிக்கும். அந்த நாற்றத்தை அளந்து கலக்குவது ஏதோ ஓர் ஆலையில் ஒருவருடைய வேலை. தினமும் அவர் அதைச் சரியாகச் செய்வதால்தான், “ஏங்க, என்னமோ நாறுதே, ரெகுலேட்டரை மூடுனீங்களா?” என்ற கேள்வி பக்கத்து அறையிலிருந்து வருகிறது, நாமும் எழுந்து போய் மூடுகிறோம், அதற்குப் பிறகு சீரியல் பார்க்கிறோம்.

கையேடு சொல்வது என்னவென்றால், அடுத்த தடவை அந்த வாடை வந்தால் முகத்தைச் சுளியுங்கள், ஜன்னலைத் திறங்கள், கம்பெனியைத் திட்டுங்கள். உயிர் பிழைத்ததைப் பற்றி யோசிக்காதீர்கள்.

குழாய்த் தண்ணீரும் இப்படித்தான். “மெட்ரோ வாட்டர்ல ஒரே பிளீச்சிங் பவுடர் நாத்தம்” என்று சென்னைவாசிகள் குறைப்பட்டுக்கொள்ளாத வாரம் கிடையாது. குடிநீரில் தொடர்ந்து குளோரின் கலந்தால் என்ன என்று 1908இல் துணிந்தவர் ஜான் லீல் என்ற மருத்துவர். அமெரிக்காவின் ஜெர்சி சிட்டிக்குத் தண்ணீர் தரும் நீர்த்தேக்கத்தில், நகரத்தின் அனுமதியைக் கேட்டுக்கொண்டிராமல், கலந்தேவிட்டார். ஊரார் குடிக்கும் தண்ணீரில் ரசாயனத்தைக் கொட்டியதற்கு நீதிமன்றத்தில் பதில் சொல்ல வேண்டியிருந்தது. கடைசியில் நீதிமன்றம் அவர் பக்கம் நின்றது. காலராவும் டைபாய்டும் குழாய் வழியே வீட்டுக்குள் வருவதை நிறுத்தியதில் அந்த நாற்றத்துக்குப் பெரிய பங்கு உண்டு. இன்றைக்கும் ஏதோ ஒரு நீரேற்று நிலையத்தில் இரவு ஷிப்டில் உட்கார்ந்து அளவு பார்த்துக்கொண்டிருப்பவர் ஒருவர் இருக்கிறார். அவர் கை கொஞ்சம் தாராளமானால் நாம் போன் செய்து திட்டுவோம். கை சுருங்கினால் ஊரே படுத்துவிடும். சரியாக இருந்தால்? சரியாக இருந்தால் அப்படி ஒருவர் இருப்பதே நமக்குத் தெரியாது. சுயம்புகள் இந்த மூன்றாவது நிலையை மிகவும் விரும்புவார்கள்.

இதிலிருந்து ஒரு பெரிய கொள்கை கிடைக்கிறது. நடக்காத விஷயத்துக்கு யாரும் நன்றி கேட்டு வரமுடியாது. ஆகவே உங்கள் வாழ்க்கையில் நடக்காமல் போன எல்லாவற்றையும் உங்கள் சாமர்த்தியக் கணக்கில் எழுதிக்கொள்ளுங்கள்.

உங்கள் பிள்ளைக்கு இளம்பிள்ளை வாதம் வரவில்லையா? குடும்ப ரத்தம் அப்படி என்று சொல்லுங்கள். இந்தியாவில் இயற்கை வைரஸால் கடைசியாகப் போலியோ கண்டது 2011 ஜனவரியில், மேற்கு வங்கத்தின் ஹவுராவில் ஒரு பெண் குழந்தைக்கு. 2014 மார்ச்சில் நாடு போலியோ இல்லாததாக அறிவிக்கப்பட்டது. அதற்கு முன்பு வேலூர் சி.எம்.சி.யின் வைரஸ் நிபுணர் டி. ஜேக்கப் ஜான் பல பத்தாண்டுகள் இதற்காக வாதாடிக்கொண்டிருந்தார். ஐஸ் பெட்டியைத் தோளில் மாட்டிக்கொண்டு ஞாயிற்றுக்கிழமைகளில் பஸ் ஸ்டாண்டில் நின்றவர்களும், விட்டுப்போன வீடுகளைத் தேடி மறுநாள் கதவைத் தட்டியவர்களும், குழந்தையின் சுண்டுவிரலில் மை வைத்தவர்களும் லட்சக்கணக்கில் இருப்பார்கள். “போன மாசம்தானே போட்டோம்” என்று அவர்கள் முகத்தில் கதவைச் சாத்தியவர்கள் நம் முன்னோடிகள்.

ராத்திரி ரயிலில் ஏறி மதுரைக்கோ நெல்லைக்கோ போகிறீர்கள். காலையில் இறங்கியதும் இருபது நிமிஷம் லேட் என்று சலித்துக்கொள்ளுங்கள். அது நம் உரிமை. ஆனால் பனிக்கால இரவில் தண்டவாளம் குளிரில் சுருங்கி விரிசல் விடக்கூடும் என்பதையும், அதைப் பார்க்க டார்ச் விளக்கோடு ஒருவர் ஸ்லீப்பர் கட்டைகளின் மேல் நடந்துகொண்டே இருக்கிறார் என்பதையும் தெரிந்துகொள்ளாதீர்கள். பகலில் நடப்பவரைக் கீமேன் என்பார்கள். தோளில் ஸ்பானரும் சுத்தியலும், கையில் சிவப்பு பச்சைக் கொடிகள். தளர்ந்த கிளிப்பை அடித்து இறுக்கிக்கொண்டே போவார். நீங்கள் ஏசி பெட்டியின் திரையை விலக்கினால் ஒரு விநாடி தென்படுவார். எனவே திரையை விலக்காதீர்கள்.

மின்சாரத்துக்கு இந்தக் கொள்கை இன்னும் அழகாகப் பொருந்தும். 2012 ஜூலை 30, 31 தேதிகளில் வடக்கிலும் கிழக்கிலும் மின்தொகுப்பு சரிந்து, ஏறக்குறைய 60 கோடிப் பேர் இருக்கும் பகுதி இருளானது. தென்மாநிலங்களின் தொகுப்பு அப்போது தனியாக ஓடிக்கொண்டிருந்ததால் நாம் தப்பினோம். 2013 டிசம்பர் கடைசி நாளில்தான் அதையும் தேசியத் தொகுப்போடு இணைத்தார்கள். இன்று நீங்கள் மின்விசிறியைப் போடும் நொடியில், நாடு முழுவதும் உற்பத்தியும் செலவும் சமமாக இருக்கும்படி, அலைவெண் 50ஐ விட்டு நகராமல், யாரோ திரைகளைப் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். அவர்களை நினைக்கத் தேவையில்லை. மழை நாளில் கரண்டை நிறுத்தும்போது மட்டும் நினையுங்கள், அதுவும் நல்ல வார்த்தைகளில் அல்ல. தெருவில் அறுந்து கிடக்கும் கம்பியை யாரும் மிதித்துவிடக் கூடாது என்பதற்காக நிறுத்தியிருக்கலாம் என்ற எண்ணம் தலைகாட்டினால் தட்டி உட்காரவையுங்கள். 2018 நவம்பரில் கஜா புயல் அடித்தபோது டெல்டாவில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட மின்கம்பங்கள் சாய்ந்தன. சேற்று வயலுக்குள் கம்பத்தைத் தோளில் சுமந்துகொண்டு போய் நட்டவர்களில் பக்கத்து மாநிலத்து லைன்மேன்களும் இருந்தார்கள். அவர்கள் எந்த ஊர், என்ன பேர்? நமக்கெதற்கு. பில் கட்டுகிறோம் இல்லையா?

இந்த இடத்தில் நம் மார்க்கத்தின் மூலமந்திரம் வந்துவிட்டது. இரண்டே சொல்தான். “காசு கொடுத்தாச்சு.”

மனம் இளகும் போலிருந்தால் இதை மூன்று முறை சொல்லவும். கேஸ்காரர் சிலிண்டரைத் தோளில் வைத்து மூன்றாவது மாடிக்கு ஏறி வந்து, வாசலில் இறக்கிவிட்டு, மூச்சு வாங்குகிறார். உள்ளே இருக்கும் எரிவாயு 14.2 கிலோ, இரும்பையும் சேர்த்தால் சுமார் 30. அவர் தண்ணீர் கேட்பதற்குள் மந்திரத்தைச் சொல்லி, ரசீதில் இருக்கும் தொகையைச் சில்லறை சுத்தமாக எண்ணிக் கொடுத்துக் கதவைச் சாத்துங்கள். “கூட இருபது ரூபா கேக்கறான், கொள்ளைக்காரன்” என்று குடும்ப வாட்ஸாப் குழுவில் போடுங்கள். பீட்சாவுக்கு அறுநூறு கொடுத்ததை அதே நாளில் போட வேண்டாம்.

மந்திரத்துக்குச் சில ஓட்டைகள் உண்டு என்பதை நேர்மையாகச் சொல்லிவிடுகிறேன். சில பேர் காசே வாங்காமல் நல்லது செய்து வைத்துவிட்டார்கள். அந்த மாதிரி ஆட்களால் நமக்கு ரொம்ப இடைஞ்சல். ஸ்வீடனில் நீல்ஸ் போலின் என்று ஒரு பொறியாளர். முதலில் போர்விமானத்திலிருந்து விமானியைத் தூக்கி வெளியே வீசும் இருக்கைகளைச் செய்துகொண்டிருந்தவர், பிறகு வோல்வோவில் சேர்ந்து, மனிதனைக் கார் இருக்கையிலேயே பிடித்து வைக்கும் மூன்றுமுனை சீட் பெல்ட்டை 1959இல் கொண்டுவந்தார். அந்தக் காப்புரிமையை மற்றக் கம்பெனிகளும் பயன்படுத்திக்கொள்ளட்டும் என்று வோல்வோ திறந்துவிட்டது. இதற்கு நாம் கண்டுபிடித்த மாற்று, போலீஸ்காரர் தெரியும்போது பெல்ட்டைத் தோளின்மேல் துண்டு மாதிரி போட்டுக்கொள்வது. கடன்படாமல் வாழ இதைவிடத் தூய வழி இல்லை.

இன்னொருவர் திலீப் மகலனாபிஸ். 1971இல் வங்கதேசப் போர் அகதிகள் எல்லை தாண்டிக் குவிந்த பன்காவ் முகாமில் காலரா பரவியது. நரம்பில் ஏற்றும் சலைன் தீர்ந்துபோயிற்று. உப்பு, குளுக்கோஸ், சமையல் சோடா மூன்றையும் அளந்து பொட்டலம் கட்டி, தண்ணீரில் கரைத்துக் குடிக்கக் கொடுத்தார். கொடுக்க நர்ஸ்கள் போதவில்லை. அதனால் அம்மாக்களையும் உறவினர்களையுமே கொடுக்கச் சொன்னார். நூற்றுக்கு முப்பது பேர் வரை செத்துக்கொண்டிருந்த இடத்தில் இறப்பு நான்கு சதவீதத்துக்கும் கீழே இறங்கியது. நம் வீட்டு மருந்து டப்பாவில் காலாவதித் தேதிகூடப் பார்க்காமல் கிடக்கும் ஓ.ஆர்.எஸ். பாக்கெட் அதன் வாரிசுதான். அவர் 2022 அக்டோபரில் இறந்தார். பத்ம விபூஷண் அதற்கு அடுத்த வருஷம் வந்தது. உயிரோடு இருந்தவரை அரசாங்கமே நம் கையேட்டைப் பின்பற்றியிருக்கிறது என்பது சுயம்புகளுக்குப் பெருமை.

தமிழிலும் இந்தத் தொல்லை உண்டு. இதை நீங்கள் படிக்கும் இந்த எழுத்து கம்ப்யூட்டரிலும் போனிலும் தானாக ஏறிவிடவில்லை. மலேசியாவின் முத்து நெடுமாறன் 1980களிலேயே முரசு அஞ்சல் செய்தவர். அதிராம்பட்டினத்து உமர்தம்பி தமிழ் யூனிகோடு எழுத்துருக்களைச் செய்து இலவசமாகவே விட்டுவிட்டு 2006இல் போய்ச் சேர்ந்தார். 1998 பொங்கலன்று தொடங்கிய மதுரைத் திட்டத்துக்காக உலகின் பல மூலைகளில் ஆட்கள் அலுவலகம் முடிந்து வந்து, சாப்பிட்டுவிட்டு, பழைய நூல்களை வரிவரியாகத் தட்டச்சு செய்தார்கள். இவர்களைச் சமாளிக்க ஒரே வழிதான்: இலவசமாகக் கிடைப்பதை யாரும் செய்யவில்லை, அது காற்று மாதிரி இருந்துகொண்டே இருந்தது என்று திடமாக நம்புவது.

சாப்பாட்டைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன், ஆறிவிடும். உப்பிட்டவரை உள்ளளவும் நினைக்கச் சொன்ன பழமொழி சுயம்புகளுக்குச் சட்டச்சிக்கல். விருந்து வைத்தவரை நினைத்துத் தப்பித்துக்கொண்டிருக்கிறோம். நிஜமாகவே உப்பு இட்டவர் தூத்துக்குடி உப்பளத்தில், கண் கூசும் வெள்ளைப் பரப்பில், வெறுங்காலோடு வாரிக்கொண்டிருக்கிறார். அதில் அயோடினைக் கலந்தால் கழுத்துக் கழலை வராது என்று 1956இல் இமாசலத்தின் காங்ரா பள்ளத்தாக்கில் ஆய்வைத் தொடங்கி நிரூபித்தவர் வி. ராமலிங்கசுவாமி. சோறு? தஞ்சாவூர்க்காரர்கள் மீசையை முறுக்கும் பொன்னி அரிசிக்குக் காவிரியின் பெயர். ஆனால் அதன் தாய் தகப்பன் தைவானின் தைச்சுங் 65, மலாயாவின் மயாங் எபோஸ். இட்லி? “எங்கம்மா கைப்பக்குவம்” என்று நிறுத்திக்கொள்ளுங்கள். 1955இல் கோயம்புத்தூரில் வெட் கிரைண்டரைக் கொண்டுவந்த சபாபதியையோ, ஊத்துக்குளிப் பக்கம் அதற்குக் கல் கொத்துகிறவர்களையோ இழுத்தால், அம்மாவுக்கு ஆட்டுக்கல்லிலிருந்து விடுதலை கொடுத்தது நாம் இல்லை என்பதும் வெளியே வந்துவிடும்.

இனி நடத்தை விதிகள். யாரிடமும் பெயர் கேட்காதீர்கள். பொருளின் பெயரே போதும். “கேஸ் வந்திருக்கு”, “கூரியர் கீழ நிக்குது”, “தண்ணி கேன் வந்துட்டுப் போயிடுச்சு.” பெயர் தெரிந்தால் ஊர் தெரியும், ஊர் தெரிந்தால் பெண் என்ன படிக்கிறாள் என்று தெரியும், பிறகு மே மாதம் ப்ளஸ் டூ ரிசல்ட் வரும் அன்று உங்களையும் மீறி “பொண்ணு எவ்வளவுப்பா மார்க்?” என்று கேட்டுத் தொலைப்பீர்கள். அப்புறம் சுயம்புவாவது ஒன்றாவது.

புடவைக் கடைக்குப் போனால் மேல் தட்டிலிருந்து ஒவ்வொன்றாக இறக்கச் சொல்லுங்கள். விரிப்பு முழுவதும் மலைபோலக் குவிந்தபின் “டிசைன் சரியில்ல” என்று எழுந்து வாருங்கள். அத்தனையையும் மடிக்கப்போகும் பெண் காலையிலிருந்து நின்றுகொண்டிருக்கிறாள். கடைத் தொழிலாளர்கள் உட்கார இருக்கை தர வேண்டும் என்று தமிழ்நாட்டில் சட்டமே போட வேண்டியிருந்தது, அதுவும் 2021இல். உட்காருவதற்குச் சட்டம் தேவைப்பட்ட ஊர் இது என்று பெருமையாகச் சொல்லிக்கொள்ளலாம். அபார்ட்மெண்ட் சங்கத்தில் பொறுப்பு கிடைத்தால் லிஃப்டில் ஒரு பலகை மாட்டுங்கள்: டெலிவரி ஆட்களுக்கு அனுமதி இல்லை. பத்து நிமிஷத்தில் கொத்தமல்லி வரவில்லை என்று அதே லிஃப்டில் நின்றபடியே புகார் கொடுங்கள். மெட்ரோ ரயில் நிலையத்தில் தரையில் மேடும் பள்ளமுமாக ஓடும் மஞ்சள் ஓடுகளின் மேல் பெட்டியை உருட்டும்போது எரிச்சல்படுங்கள். கண் தெரியாதவர்கள் காலால் வழி அறிய, ஜப்பானின் ஒகயாமாவில் 1967இல் மியாகே செய்ஈச்சி முதன்முதலாகப் பதித்தது அது. உங்களுக்குக் கண் தெரிகிறதே, போதாதா?

எவ்வளவு பத்தியமாக இருந்தாலும் சில சமயம் நன்றியுணர்ச்சி பொத்துக்கொண்டு வந்துவிடும். அதற்கு முதலுதவி உண்டு. 2020 மார்ச் 22 மாலை 5 மணிக்கு, கொரோனா முன்களப் பணியாளர்களுக்காக நாடே செய்ததைச் செய்யலாம்: பால்கனிக்கு வந்து தட்டு, கரண்டி, கைதட்டல். ஐந்து நிமிஷத்தில் உணர்ச்சி வடிந்துவிடும், செலவும் இல்லை. பக்கவிளைவும் இல்லை என்பதற்குச் சாட்சி உண்டு. அதற்கு ஒரு மாதம்கூட ஆகவில்லை, ஏப்ரல் 19 அன்று, கொரோனா தொற்றி இறந்துபோன ஒரு நரம்பியல் அறுவை சிகிச்சை மருத்துவரை அடக்கம் செய்யக் கொண்டுபோன ஆம்புலன்ஸை இதே சென்னையில் கல்லால் அடித்து விரட்டினார்கள். நள்ளிரவில் அவருடைய சக மருத்துவர் மண்வெட்டி எடுத்துக் குழியை மூட வேண்டியிருந்தது. தட்டிய கைகளும் கல் எடுத்த கைகளும் வேறு வேறு என்று நாம் நம்பிக்கொள்ளலாம். நானும் அப்படித்தான் நம்பப் பார்க்கிறேன்.

கேலியாக எழுத வந்தாலும் ஒரு வேலையைப் பற்றி மட்டும் கேலி வரமாட்டேன் என்கிறது. பாதாளச் சாக்கடைக்குள் பாதுகாப்பில்லாமல் ஆளை இறக்கக் கூடாது என்று 2013இலேயே சட்டம் வந்துவிட்டது. இறங்கிச் செத்தால் குடும்பத்துக்கு 10 லட்சம் என்று 2014இல் சொன்ன உச்ச நீதிமன்றம், 2023 அக்டோபரில் அதை 30 லட்சமாக்கியது. செத்தபின் தரும் தொகையை உயர்த்த வேண்டி வந்தது என்றால், இறக்குவது நிற்கவில்லை என்றுதானே பொருள்? அடைத்துக்கொண்ட நம் தெருச் சாக்கடையைத் திறக்க “ஆள் இருக்காங்களா” என்று விசாரித்து, பேரம் பேசி, கூப்பிட்டு வருகிறவர்கள் கெட்டவர்கள் அல்ல; நம்மைப் போன்ற சுயம்புகள்தான். இவர்களுக்கு நன்றி என்று அட்டை அச்சடித்துக் கொடுப்பதை எந்தக் கையேட்டிலும் சேர்க்க முடியாது. மெஷின் வரும்வரை வீடு நாறினாலும் பரவாயில்லை என்று காத்திருப்பதும், ஒப்பந்தக்காரர் முழுக் கூலி தருகிறாரா என்று வார்டு கவுன்சிலரை நச்சரிப்பதும்தான் அங்கே பேச்சு.

கையேட்டைத் தூக்கிப் போட்டுவிட்டு யாராவது உருப்படியாக ஒன்று செய்வதென்றால், உணர்ச்சி ஏதும் தேவைப்படாத ஒரு சின்ன வேலை இருக்கிறது. டம்ளர் உடைந்தால், ஷேவிங் பிளேடு தீர்ந்தால், பியூஸ் போன பல்பை எறிய வேண்டியிருந்தால், அதை அப்படியே குப்பையில் போடாதீர்கள். பழைய பேப்பரில் நன்றாகச் சுற்றி, அட்டைப் பெட்டிக்குள் வைத்து, மேலே பேனாவால் ‘கண்ணாடி’ என்று கொட்டை எழுத்தில் எழுதித் தனியாகக் கொடுங்கள். நாப்கின், டயாபரையும் பொதிந்து தனியாகக் கொடுங்கள். 2016ஆம் ஆண்டு திடக்கழிவு விதிகளே அதைத்தான் சொல்லியிருந்தன. குப்பை வண்டியில் வரும் அம்மா பையைப் பிரித்துக் கையை உள்ளே விட்டுத்தான் தரம் பிரிக்கிறார்; எல்லா நாளும் கையுறை இருக்காது. வண்டி காலை ஏழு மணிக்கு முன்பே வந்துவிடும். இன்று ராத்திரியே கட்டி வைத்துவிடுங்கள்.